குத்துச்சண்டைப் படங்களில் மனத்தை விட்டு அகலாத காட்சி எது?

ஜூன் 3 (கேள்வி: வள்ளியூர் வாசகர்)

குத்துச்சண்டையை வைத்து எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. ஆனாலும் 'சார்பட்டா பரம்பரை'யில் டான்சிங் ரோஸ் ஆடிய அந்தச் சண்டைக்கு ஈடாக ஒரு காட்சி தமிழிலும் இல்லை, பிற மொழிகளிலும் இல்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் வேறொரு காட்சியைச் சொல்வதோடு நிறுத்தாமல், அது ஏன் மனத்தில் நிற்கிறது என்பதையும் எழுத வேண்டும்.

ஜூன் 4

ரோஸின் ஆட்டத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' 2021 ஜூலையில் நேரடியாக இணையத்தில் வெளியானபோது பாளையங்கோட்டையில் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அந்தச் சண்டையை மட்டும் அன்றிரவே மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். ரோஸாக வந்த ஷபீர் கல்லரக்கல் நாடக மேடையில் பழகியவர் என்பது அவருடைய தோளிலும் இடுப்பிலும் தெரிகிறது. கைகளைக் கீழே தொங்கவிட்டு, முகத்தை நீட்டிக் காட்டி, குத்து வரும் நொடியில் அந்த இடத்தில் இல்லாமல் போகிற அந்த வித்தை, இங்கிலாந்தில் நசீம் ஹமீத் தொண்ணூறுகளில் ஆடிய ஆட்டத்தை எனக்கு நினைவூட்டியது. நாயகன் கபிலன் முதலில் காற்றைத்தான் குத்துகிறான். குத்து படுவதைவிடக் குத்து படாமல் போவதுதான் களத்தில் நிற்பவனை அதிகமாகக் களைக்க வைக்கும் என்பதை அந்தக் காட்சி அறிந்து வைத்திருக்கிறது.

ஆனால் என் தேர்வு அதுவன்று. சுற்று முடிந்து மணி அடித்த பிறகு களத்தின் மூலையில் வருகிற அந்த ஒரு நிமிடம், முக்காலி, வாளி, ஈரத்துண்டு, குனிந்து பேசுகிற வாத்தியாரின் முகம் ஆகியவை வரும் காட்சிகளே எனக்கு நிற்கின்றன. ஒரு குத்துச்சண்டைப் படம் நல்ல படமா என்பதை அதன் மூலைக் காட்சிகளை வைத்துச் சொல்லிவிடலாம் என்று நம்புகிறேன்.

ஜூன் 4, இரவு

காரணத்தை எழுத வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். காலையில் அதை விட்டுவிட்டேன்.

மூன்று நிமிடம் சண்டை, ஒரு நிமிடம் ஓய்வு. அந்த மூன்று நிமிடத்தில் களத்தில் நிற்பவனுக்குத் தன் உடம்பைப் பற்றி எதுவும் தெரியாது. கண் எவ்வளவு வீங்கியிருக்கிறது, கால் எங்கே இடறுகிறது, வலது கை எந்த அளவு இறங்கிவிட்டது என்பதெல்லாம் கயிற்றுக்கு வெளியே நிற்பவருக்குத்தான் தெரியும். அந்த ஒரு நிமிடத்தில் அறிந்தவர் அறியாதவனிடம் பேசுகிறார். கேட்பவனுக்கோ காது அடைத்திருக்கும். நாடகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஜூன் 6

'ராக்கி'யின் படிக்கட்டு ஓட்டத்தை விட்டுவிட்டேன் என்று இருவர் குறைபட்டிருக்கிறார்கள். 1976இல் வந்த அந்தப் படம் சுமார் பத்து லட்சம் டாலர் செலவில் 28 நாட்களில் எடுக்கப்பட்டது. பிலடெல்பியா அருங்காட்சியகத்தின் 72 படிகளை நாயகன் ராக்கி ஓடி ஏறும்போது, அப்போதுதான் புதிதாக வந்திருந்த ஸ்டெடிகேம் கருவியோடு கேமராவும் குலுங்காமல் உடன் ஏறுகிறது. அது பெரிய காட்சிதான். ஆனால் அங்கே ராக்கி தனியாள். அவனை யாரும் பார்ப்பதில்லை, அவனுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. எனக்கு அந்தப் படத்தில் நிற்பது, கடைசிக் கட்டத்தில் இமை வீங்கிக் கண் மூடிப்போனதும் வயதான பயிற்சியாளர் மிக்கி அந்த இமையைக் கீறித் திறக்கிற இடம்.

அதை நான் முதலில் பார்த்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். 1986, எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடைத் திருவிழா. அம்பாசமுத்திரம் பக்கத்துச் சிற்றூர் அது. வில்லுப்பாட்டும் சாமக்கொடையும் முடிந்த மறுநாள் இரவு, திருநெல்வேலி டவுனில் இருந்து வீடியோ டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு வந்தன. மூன்று தமிழ்ப் படங்கள் ஓடி முடிந்தும் விடியவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்திருக்க மறுத்ததால், டெக் கொண்டுவந்தவர் தம் பையில் கிடந்த ஓர் ஆங்கிலக் கேசட்டை வேறு வழியின்றிப் போட்டார். பேசுவது ஒரு வார்த்தை புரியாமல், தரையில் பனையோலைப் பாய் விரித்து அமர்ந்திருந்த கூட்டம் அந்தப் படத்தை முழுவதும் பார்த்தது. படிக்கட்டு ஓட்டத்தின்போது பிள்ளைகள் சிரித்தார்கள். கண்ணைக் கீறும் இடம் வந்தபோது ஒருவர்கூட அசையவில்லை. எனக்குப் பின்னால் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஓர் ஆச்சி மெதுவாகக் கேட்டார்: "ஏல, அந்தக் கிழவன் அவனுக்கு அப்பனா?"

மொழியே தெரியாத ஆச்சிக்கு அந்த ஒரு நிமிடம் அவ்வளவையும் சொல்லிவிட்டது.

ஜூன் 7

ஒரு திருத்தம். மிக்கி தாமாக முடிவெடுத்துக் கீறியதுபோல் எழுதிவிட்டேன். ஒரு தென்காசி நண்பர் சுட்டிக்காட்டிய பிறகு நேற்று மறுபடியும் பார்த்தேன். கீறச் சொல்லிக் கெஞ்சுகிறவன் ராக்கி. மிக்கி அதை விரும்பவில்லை. சண்டையை நிறுத்தினால் உம்மைக் கொன்றுவிடுவேன் என்றும் அவன் அவரிடம் சொல்கிறான். நாற்பது ஆண்டுகளாக நான் அந்தக் காட்சியைத் தலைகீழாக நினைவில் வைத்திருந்திருக்கிறேன். தகப்பன் மகனை மறுபடியும் அனுப்பி வைக்கும் காட்சி என்று நினைத்தேன். போகாதே என்று சொல்ல வாயெடுத்த தகப்பனை மகன் பேசவிடாத காட்சி அது.

இதனால் என் வாதம் வலுப்படுகிறதா, தளர்கிறதா என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

ஜூன் 11

என் சொந்த அனுபவத்தை எழுதச் சொல்லிக் கேட்டவருக்காக இது.

கல்லூரியில் படித்தபோது இரண்டு ஆண்டுகள் குத்துச்சண்டை பழகினேன். எங்களுக்குக் கற்றுத் தந்தவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். வாத்தியார் என்றோ மாஸ்டர் என்றோ அவரை நாங்கள் அழைத்ததில்லை, எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான். உரச்சாக்கை இரண்டு மடிப்பாகத் தைத்து, அதற்குள் கிழிந்த துணியும் திசையன்விளைப் பக்கத்தில் இருந்து கொண்டுவந்த தேரி மண்ணும் நிரப்பி, வேப்பமரக் கொம்பில் தொங்கவிட்டிருந்தார். மழையில் நனைந்தால் மண் இறுகிச் சாக்கு கல்லாகிவிடும். அன்றைக்குக் கால் பயிற்சி மட்டும்தான்.

1986 தொடக்கத்தில் பாளையங்கோட்டையில் ஒரு போட்டி. மூன்று நிமிடமாக மூன்று சுற்று. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலேயே தலைக்கவசம் கட்டாயமாகிவிட்டது. எங்கள் போட்டியை நடத்தியவர்களிடம் இருந்ததோ இரண்டே கவசங்கள், இரண்டும் என் தலைக்குப் பெரியவை. கண்ணை மறைக்கிறது என்றதும், "அப்படியானால் கழற்றிவிட்டு ஏறுங்கள்" என்றார்கள். மருத்துவர் என்று ஒருவரும் அங்கே இல்லை. இரண்டாம் சுற்றின் நடுவில் இடது புருவம் கிழிந்தது. மணி அடித்தது. டீக்கடையில் இருந்து வாங்கி வந்திருந்த மர முக்காலியில் உட்கார்ந்தேன். அதன் ஒரு கால் குட்டை, உட்கார்ந்ததும் ஆடியது. அண்ணாச்சி காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காப்பித்தூளை எடுத்துப் புருவத்தில் வைத்து அழுத்தினார். அந்த மணம் இன்றும் மூக்கில் இருக்கிறது. காலையில் காப்பி கலக்கும்போது சில நாள் புருவம் தானாகச் சுருங்கும். வாய் கொப்பளித்த தண்ணீரை வாளியில் துப்பினேன், அது ரோஜாப்பூ நிறத்தில் சுழன்றது.

அவர் பேசினார். உதடு அசைந்தது. எனக்குக் காதில் விழுந்தது கூட்டத்தின் இரைச்சல் மட்டுமே. அவர் "இடது கையை இறக்காதே" என்று சொல்லியிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். எப்போதும் அவர் சொல்வது அதுதான். தலையாட்டினேன். மூன்றாம் சுற்றுக்கு எழுந்து போனேன். புள்ளிக் கணக்கில் தோற்றேன். அத்தோடு குத்துச்சண்டையும் முடிந்தது.

கொடையில் 'ராக்கி' பார்த்தது அதற்கு நாலைந்து மாதம் கழித்து. அந்த இடத்தில் நான் ஏன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது இப்போது உங்களுக்குப் புரியும்.

ஜூன் 12

தழும்பு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இருக்கிறது. அந்த இடத்தில் முடி முளைப்பதில்லை.

ஜூன் 15

பிற மொழிப் படங்களில் மூலை எப்படி வருகிறது என்று சிலவற்றைத் திரும்பப் பார்த்தேன்.

சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' 1931இல் வந்தது. பார்வையற்ற பூக்காரப் பெண்ணுக்குப் பணம் தேவைப்படுகிறது என்பதற்காக அவர் சண்டைக்கு ஏறுகிறார். நடுவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து மூவரும் நடனம்போல் நகர்கிற பகுதியைத்தான் எல்லாரும் சொல்வார்கள். என் பேரன் வயிறு குலுங்கச் சிரித்தான், நானும் சிரித்தேன். ஆனால் இடைவேளையில் மூலையில் சாய்ந்து கிடக்கும் அவருக்கு, தம்மைத் தேற்றுகிற ஆள் ஒரு கணம் அந்தப் பூக்காரப் பெண்ணாகத் தெரிகிறார். மூலையில் நிற்பவர் யார் என்ற ஆச்சியின் கேள்விக்குச் சாப்ளின் அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு விடை எழுதியிருக்கிறார்.

ராபர்ட் வைஸ் இயக்கிய 'தி செட்-அப்' 1949. படம் ஓடும் 72 நிமிடமும் கதை நடக்கும் 72 நிமிடமும் ஒன்றே. வயதாகிப்போன ஒரு குத்துச்சண்டைக்காரன் தோற்றுப்போக வேண்டும் என்று மேலாளர் பணம் வாங்கியிருக்கிறார். அவன் எப்படியும் தோற்பான் என்ற நினைப்பில் அவனிடம் சொல்லவும் இல்லை. அவன் தோற்காமல் நிற்கிறான். கடைசிச் சுற்றுக்கு முன், மூலையில், தண்ணீர் கொடுக்கிற அதே ஆட்கள் அதைச் சொல்கிறார்கள். எதிராளியின் எந்தக் குத்துக்கும் மாறாத, அவனாக நடித்த ராபர்ட் ரயனின் முகம் அந்தச் சொல்லுக்கு மாறுவதைப் பாருங்கள்.

ஸ்கார்செஸியின் 'ரேஜிங் புல்' (1980) இங்கே பலருக்கும் பிடித்த படம் என்று தெரிகிறது. சுகர் ரே ராபின்சனோடு ஜேக் லமோட்டா மோதிய 1951 பிப்ரவரி 14 சண்டையில், பதின்மூன்றாம் சுற்றில் அடிவாங்கிய பின்னும் விழாமல் நின்று, "நீ என்னை வீழ்த்தவில்லை" என்று எதிராளியிடம் போய்ச் சொல்வதும், கயிற்றில் இருந்து இரத்தம் சொட்டுவதும் எல்லாரும் அறிந்தவை. அதற்குச் சற்று முன் மூலையில் அவன் மார்பில் கடற்பஞ்சைப் பிழிகிறார்கள்; கறுப்பு வெள்ளைப் படத்தில் இரத்தம் கலந்த அந்தத் தண்ணீர் எண்ணெய்போல் மெதுவாக வழிகிறது. எனக்கு அந்த வாளித் தண்ணீர் நினைவுக்கு வந்தது. அங்கே யாரும் பேசுவதே கேட்பதில்லை. மூலையை உள்ளிருந்து காட்டிய படம் அது ஒன்றுதான்.

ஜூன் 16

மேலே எழுதியதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு; மூலையே இல்லாதவனின் காட்சி. ஜான் ஹூஸ்டனின் 'ஃபேட் சிட்டி' (1972) படத்தில் லுசேரோ என்றொருவன் பேருந்தில் தனியாக வந்து இறங்குகிறான். சிறுநீரில் இரத்தம் போகிறது. யாரிடமும் சொல்லாமல் களம் ஏறித் தோற்று, எல்லாரும் போன பிறகு கோட்டுப் போட்டுக்கொண்டு, நீண்ட நடைபாதையில் தனியே நடந்து வெளியேறுகிறான். படத்தில் அவனுக்கு வசனமே இல்லை என்று சொல்லிவிடலாம். அவனைப் பார்த்ததில் இருந்து, தோற்றவன் எந்தப் பேருந்தைப் பிடித்து எந்த ஊருக்குப் போகிறான் என்று ஒவ்வொரு படத்திலும் தேடுகிறேன்.

ஜூன் 19

பெண்கள் வரும் படங்களைப் பற்றிப் பேச்சே இல்லை என்று ஒரு சகோதரி எழுதியிருப்பது நியாயம்.

சுதா கொங்கராவின் 'இறுதிச்சுற்று' (2016) படத்தில் ரித்திகா சிங் உண்மையிலேயே களம் கண்டவர் என்பது அவர் நிற்கும் நிலையிலேயே தெரியும். அக்காவுக்கு அநியாயம் நடந்தது என்று நடுவர்கள் மீதே அவர் ஏற்ற மதி பாய்கிற இடம், புருவத்தில் காப்பித்தூளோடு இறங்கிய எவனுக்கும் உள்ளங்கை அரிக்க வைக்கும். வென்றபின் பயிற்சியாளர் மீது அவள் தாவி ஏறிக்கொள்வதைவிட எனக்கு இதுவே பிடிக்கும்.

கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'மில்லியன் டாலர் பேபி' 2004. பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். மணி அடித்த பிறகு எதிராளி பின்னால் இருந்து குத்துகிறாள். மூலையில் முன்கூட்டியே வைக்கப்பட்ட முக்காலி பக்கவாட்டில் கிடக்கிறது. ஹிலாரி ஸ்வாங்க் அதன் மீது கழுத்துப்பட விழப்போகிறார். ஈஸ்ட்வுட் அதை இழுத்துவிடக் கை நீட்டுகிறார், எட்டவில்லை. இளைப்பாறுவதற்காக வைத்த முக்காலி அது. அன்றிரவு அந்தப் படத்தை அதற்கு மேல் பார்க்க என்னால் முடியவில்லை. மறுநாள்தான் மீதியைப் பார்த்தேன்.

ஜூன் 23

கடந்த நாலு நாளாக ஒன்று மனத்தை அரிக்கிறது. மூலைக் காட்சியை நான் பாராட்டியதெல்லாம் 'போ' என்று சொல்லும் காட்சிகளையே. 'போதும்' என்று சொல்லும் காட்சி எங்கே?

'ராக்கி' நான்காம் பாகத்தில் (1985) ராக்கியின் நண்பன் அப்போலோ, எது நடந்தாலும் சண்டையை நிறுத்தாதே என்கிறான். வீசினால் சண்டை நின்றுவிடும் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ராக்கி மூலையில் நிற்கிறான், வீச மனம் வரவில்லை, நண்பன் களத்திலேயே சாகிறான். அந்தப் படத்தை வெறும் ஆரவாரம் என்று பல காலம் ஒதுக்கியிருந்தேன். அந்தத் துண்டுக் காட்சிக்காக அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்கிறேன்.

உண்மையில் நிறுத்தியவர் ஒருவர் உண்டு. 1975 அக்டோபர் 1 அன்று மணிலாவில் முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் பதினான்கு சுற்று மோதினார்கள். ஃபிரேசியரின் கண்கள் ஏறக்குறைய மூடிவிட்டன. பதினைந்தாம் சுற்றுக்கு அவர் எழ முயன்றபோது, பயிற்சியாளர் எடி ஃபட்ச் அவரை உட்கார வைத்துச் சண்டையை முடித்துவிட்டார். ஃபிரேசியர் வேண்டாம் என்று மன்றாடியும் கேட்கவில்லை. பாதுகாத்து வைக்க வேண்டிய ஒரு நிமிடம் என்றால் அதைத்தான் சொல்வேன்.

ஜூன் 24

வள்ளியூர் வாசகர் மீண்டும் வந்து, ரோஸ் சண்டையில் இருந்து வெகுதூரம் விலகிவிட்டோம் என்கிறார். விலகவில்லை. 'சார்பட்டா'விலும் என்னை உலுக்கியவர் ரங்கன் வாத்தியாராக வந்த பசுபதிதான். ரங்கன் வாத்தியாரைக் கபிலன் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போகும் காட்சியை ஊர் முழுக்கக் கேலிப்படமாக்கி அனுப்பிக்கொண்டார்கள், நான் சிரிக்கவில்லை. வாத்தியாரைச் சுமந்து போவது எனக்குக் கிடைக்காமல் போன பேறு.

சிலம்பம் பழகியவர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் சிலம்ப வாத்தியார் ஓரமாக நின்று பார்ப்பார், இடையில் உட்கார வைத்து ஒரு நிமிடம் பேசும் வழக்கம் அதில் கிடையாது என்றார்கள்.

ஜூன் 26

1974 அக்டோபர் 30, கின்ஷாசாவில் அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதிய சண்டையைப் பற்றிய 'வென் வீ வேர் கிங்ஸ்' ஆவணப்படத்தில் எழுத்தாளர் நார்மன் மெய்லர் ஒன்றைச் சொல்கிறார். முதல் சுற்று முடிந்து மூலைக்கு வந்த அலியின் கண்ணில் அச்சத்தைப் பார்த்ததாகவும், பிறகு அலி தமக்குத் தாமே பேசிக்கொள்வதுபோல் தலையாட்டிவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பியதாகவும். ஃபோர்மன் எட்டாம் சுற்றில் விழுந்ததை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் அந்தத் தலையாட்டலையே நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். யார் சொன்னதற்கு அவர் தலையாட்டினார்?

ஜூலை 1

நேற்று அண்ணாச்சியைப் போய்ப் பார்த்து வந்தேன். கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டார். செவி மந்தம், நினைவு தெளிவு. தார்சாலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் முதலில் பார்த்தது என் புருவத்தை.

இங்கே எழுதியதை எல்லாம் சுருக்கிச் சொன்னேன். அவருக்கு இந்தப் படங்கள் எதுவும் தெரியாது. கடைசியாகக் கேட்டேன்: "அண்ணாச்சி, ரெண்டாவது ரவுண்டு முடிஞ்சு உக்காந்திருக்கும்போது எங்கிட்ட ஒண்ணு சொன்னீங்களே, இடது கையை இறக்காதன்னுதானே சொன்னீங்க?"

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

"இல்லையே. போதும்ல, இறங்கிருவோம்னு சொன்னேன். நீ சரின்னு தலையாட்டுனே. நானும் நடுவர்கிட்ட சொல்லலாம்னு திரும்புதேன், மணி அடிச்சிட்டான், நீ எந்திச்சுப் போயிட்டே."

எனக்குப் பேச்சு வரவில்லை. துண்டை வீசியிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை, அவராகவே தொடர்ந்தார்.

"துண்டு கையிலதான் இருந்துச்சு. போடுதேன் போடுதேன்னு மூணு நிமிசமும் நின்னேன். அந்த ரவுண்டுல நீ நல்லா ஆடிட்டேல. அதுக்கு முன்னாடி ஒருநாளும் நீ அப்படி ஆடுனதில்ல. ஈரத்துண்டு பாத்துக்கோ, என் வேட்டி முழுக்க நனைஞ்சு போச்சு."

பிறகு மகளைக் கூப்பிட்டு எனக்குக் காப்பி போடச் சொன்னார்.